படம் பிறந்த ஆண்டு எது?

பழைய போட்டோ பொய் சொல்லாது. ஆனால், அதன் அடியில் எழுதப்பட்ட வரி பொய் சொல்லும்!

ஒரு படம் கைபேசிகளில் அடிக்கடி வலம் வருகிறது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து இருக்கிறார்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி விடலாம். கண்கள் குழி விழுந்து கிடக்கின்றன. பார்ப்பவர் மனம் பதறும்.

படத்தின் அடியில், "1943-ம் ஆண்டு வங்காளப் பஞ்சம்" என்று எழுதி இருக்கும்.

அது தவறு.

இந்தப் படம் வங்காளத்தில் எடுத்தது அல்ல. சென்னை மாகாணத்தில் எடுத்தது. 1943-ல் எடுத்ததும் அல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டி எடுத்த பெரும் பஞ்சத்தில் எடுத்தது. நம் பாட்டிமார்கள், "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்வார்களே, அதே பஞ்சம்தான்.

படத்தில் இருப்பவர்கள் நம் ஊர் மக்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. ஊரும் காலமும்தான் மிஞ்சி இருந்தன. தப்பாக எழுதிய ஒரே ஒரு வரி, அதையும் பறித்து விட்டது!

படம் எடுத்தவர் யார்?

படத்தை எடுத்தவர் பெயர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். வெள்ளைக்காரர். சென்னைக் குதிரைப் படையில் அதிகாரி. போட்டோ எடுப்பதில் ஆசை மிகுந்தவர்.

பஞ்சத்தில் அடிபட்டவர்களை அவர் வரிசையாக உட்கார வைத்தார், படம் எடுத்தார். "சாகக் கிடப்பவர்களை இப்படியா உட்கார வைத்துப் படம் எடுப்பது?" என்று அவரைக் குறை கூறுகிறவர்கள் உண்டு. ஆனாலும், பஞ்சத்தின் கொடுமையைச் சீமையில் இருந்தவர்களுக்குக் காட்டியவை அந்தப் படங்களே.

அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்குக் குறைய மாட்டார்கள் என்பது கணக்கு. கிராமங்களை விட்டு மக்கள் சென்னையை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கஞ்சி ஊற்ற முகாம்கள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ராயபுரத்தின் ஓரத்தில் உள்ள மணியக்காரர் சத்திரம்.

இந்தச் சத்திரம் இன்னொரு பஞ்சத்தில் பிறந்தது. 1782-ல் பஞ்சம் வந்தபோது அங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதனால்தான், அதன் பக்கத்தில் வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வட சென்னைப் பெரியவர்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே சொல்லி வந்தார்கள்.

இப்படி ஒரு துயரம் நடந்த ஊரின் படம், வேறு ஓர் ஊரின் பெயரில் சுற்றுகிறது.

வங்காளப் பஞ்சமும் கொடியதுதான். அதில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்துக்கும் படங்கள் இருக்கின்றன. சுனில் ஜனா என்ற இளைஞர் எடுத்தார். கல்கத்தாவில் "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகை 1943 ஆகஸ்டில் படங்களை வெளியிட்டது. அவை கையில் பிடித்து எடுக்கும் கேமராவின் காலத்துப் படங்கள்.

ஹூப்பர் காலம் வேறு. முக்காலியில் பெரிய பெட்டி. அதனுள் கண்ணாடித் தகடு. அசையாமல் உட்கார்ந்து இருக்கும் மனிதர்கள். எடுத்த முறையே 66 ஆண்டு வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்து விடுகிறது.

இரண்டு முளைகள்

தேதி இல்லாத படத்துக்கு எப்படித் தேதி கண்டுபிடிப்பது?

இது மந்திரம் அல்ல. இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டுவதைப் போன்ற வேலை.

படத்தில் ஒரு கட்டிடம் தெரிகிறது. அது கட்டிய ஆண்டு நமக்குத் தெரியும். அப்படியானால், படம் அந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்தது அல்ல. இது முதல் முளை.

இன்னொரு கட்டிடம் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. அப்படியானால், அது கட்டப்படும் முன்பே படம் எடுத்தாகி விட்டது. இது இரண்டாவது முளை.

இரண்டு முளைக்கும் நடுவில்தான் படம் பிறந்த ஆண்டு இருக்கிறது. முளைகள் நெருங்க நெருங்க ஆண்டும் நெருங்கி வரும்.

இந்த வேலைக்குச் சென்னைத் துறைமுகத்தைப் போல் வசதியான இடம் கிடைப்பது அரிது. ஏன்? பத்து ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கடற்கரையின் முகமே மாறிக்கொண்டு வந்தது!

துறைமுகம் சொல்லும் கணக்கு

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். இந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்து இருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது.

1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். நீளம் ஆயிரம் அடிக்கு மேல். பெரிய திருகாணியைப் போன்ற இரும்புக் கால்களைக் கடல் அடியில் முறுக்கி இறக்கி, அதன் மேல் பாலம் நின்றது.

1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வந்தார். இவர்தான் பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள், இரண்டு கைகளைப் போல நீண்டன. கப்பல் நுழையும் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது.

1881 நவம்பரில் பெரும் புயல் அடித்தது. சுவரில் அரை மைலுக்கு மேல் நாசமாகியது. பெரிய பாரந்தூக்கி இயந்திரங்கள் கடலுக்குள் விழுந்தன. மறுபடியும் கட்டினார்கள். வேலை முடிய 1890-களின் நடுப்பகுதி ஆயிற்று.

கிழக்கு வாசல் தொல்லை கொடுத்தது. அலையும் மணலும் உள்ளே புகுந்தன. 1904-ல் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர் பொறுப்புக்கு வந்தார். வடகிழக்கே புது வாசல் திறந்தது. 1911 வாக்கில் பழைய வாசல் அடைபட்டது.

இப்போது கணக்குப் போடலாம்.

இரும்புப் பாலம் இருக்கிறது. கல் சுவர் இல்லையா? 1860-களின் தொடக்கத்துக்கும் 1876-க்கும் நடுவில் எடுத்த படம்.

கல் சுவர்கள் இருக்கின்றன; வாசல் கிழக்கே இருக்கிறதா? 1911-க்கு முந்திய படம்.

பாலமும் இல்லை, படகுகள் மட்டும் அலையில் ஆடுகின்றனவா? அது பழமையிலும் பழமை!

விளக்கு எங்கே?

துறைமுகத்துக்கு எதிரே கரையைப் பாருங்கள். கலங்கரை விளக்கம் இருந்த இடமும் தேதி சொல்லும்.

1844-ல் விளக்கு ஏற்றிய தூண் ஒன்று இப்போதைய ஐகோர்ட்டு வளாகத்தில் நிற்கிறது. ஐகோர்ட்டு கட்டிடம் 1892-ல் திறக்கப்பட்டது. அதன் உயரமான கோபுரத்துக்கு 1894-ல் விளக்கு மாறியது. மெரினாவில் இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1977-ல் வந்தது.

தூண் மட்டும் தனியாக நிற்கிறதா? சிவப்புக் கோபுரங்கள் எதுவும் தெரியவில்லையா? ஐகோர்ட்டு எழும்புவதற்கு முன்னால் எடுத்த படம்.

தெருவில் டிராம் வண்டி ஓடுகிறதா? சென்னையில் மின்சார டிராம் 1895-ல் தொடங்கியது, 1953-ல் நின்றது. இரண்டு முளையும் ஒரே வண்டியில் கிடைத்து விடும்!

சில படங்களுக்கு நாளையே சொல்லி விடலாம். துறைமுகத்தின் அருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்து, கரும்புகை வானத்தை மறைக்கிறதா? எம்டன் வந்து போன நேரம் அது. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. எரிந்த தொட்டிகளின் படத்தைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்றார்கள்.

மணலும் பேசும்

கட்டிடம் மட்டும் அல்ல, மணலும் சாட்சி சொல்லும்.

சென்னைக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கே இருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தங்கி விட்டது. மெரினாக் கடற்கரை அகன்றது.

தெற்குக்கு வந்த லாபம், வடக்குக்கு நஷ்டம்! மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. மீனவர் குடிசைகளும் தெருக்களும் போயின. இன்று எண்ணூர் வரைக்கும் கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கிறார்கள்.

ஆகவே, ராயபுரம் பக்கத்தில் அகலமான மணல் வெளியும், அதில் காயும் கட்டுமரங்களும் ஒரு பழைய படத்தில் இருந்தால், அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கடலுக்குள் போன ஊரின் அடையாளம் அது. அதை இனி வேறு எங்கும் பார்க்க முடியாது.

மவுண்ட் ரோடு கடைகள்

இந்தப் படங்களை எடுத்தவர்கள் யார்?

1856-ல் சென்னை அரசாங்கமே ஒரு போட்டோகிராபரை வேலைக்கு வைத்தது. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். ராணுவ அதிகாரி. மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் கோவில்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, நீண்ட ஒரே படமாகச் செய்தார். "இது பெரிய ஆடம்பரச் செலவு" என்று கவர்னர் டிரவெலியன் அந்த வேலையை நிறுத்தி விட்டார்!

டிரைப்பிடம் உதவியாளராக இருந்தவர் ஒரு தமிழர். ஐயாசாமி என்று பெயர். பிறகு, சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் போட்டோ வேலையைப் பார்த்துக்கொண்டார். துரைமார்கள் பெயர் நிலைத்த அளவுக்கு ஐயாசாமியின் பெயர் நிலைக்கவில்லை.

பிறகு மவுண்ட் ரோட்டில் கடைகள் பெருகின. நிக்கலஸ் கம்பெனி பெயர் பெற்றது. 1890-களில் வீலி - கிளைன் கம்பெனி வந்தது. பின்னாளில் அது கிளைன் - பெயர்ல் என்று மாறியது. கடையின் பெயர் மாறினால் அதுவும் ஒரு முளைதான்!

அட்டையைத் திருப்புங்கள்

பழைய படம் கிடைத்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் முதுகைப் பார்ப்பார்.

அட்டையின் பின்பக்கத்தில் கடையின் பெயர், விலாசம், பெற்ற பதக்கம் எல்லாம் அச்சாகி இருக்கும். பதக்கத்தில் ஆண்டு இருந்தால், படம் அதற்கு முந்தியது அல்ல.

அட்டையின் அளவும் முக்கியம். சுமார் 4 அங்குல உயரம், 2½ அங்குல அகலம் உள்ள சிறு அட்டையை 1854-ல் பாரிஸ் நகரில் டிஸ்தேரி என்பவர் பதிவு செய்தார். 1860-களில் அது உலகம் முழுவதும் பரவியது. 6½ அங்குல உயரமுள்ள பெரிய அட்டை 1866-ல் வந்தது.

தாள் மெல்லியதாக இருந்து, படம் பழுப்பு நிறமாகி, வெள்ளைப் பகுதி மஞ்சளித்துப் போயிருந்தால், அது முட்டைத் தாளாக இருக்கலாம். கோழி முட்டையின் வெள்ளைக் கருவைத் தடவிச் செய்த தாள் அது. 1850-ல் வந்தது, அந்த நூற்றாண்டின் கடைசி வரை ஓடியது.

அலையைப் பாருங்கள். பழைய கண்ணாடித் தகட்டுக்கு ஈரம் காயும் முன்பே படம் எடுத்தாக வேண்டும். வெளிச்சம் பட சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் அலை நகர்ந்து விடும். கடல், பால் கொட்டியதைப் போல் வெள்ளையாக விழும். 1880 வாக்கில் வேகமான உலர்ந்த தகடு வந்தது. அதன் பிறகு அலை பெரும்பாலும் அலையாகவே படத்தில் விழுந்தது.

கடைக்குள் எடுத்த படமா? நிற்பவரின் காலுக்குப் பின்னால் பாருங்கள். சில படங்களில் ஓர் இரும்புப் பீடம் எட்டிப் பார்க்கும். ஆள் அசையாமல் இருக்க, பின்னந்தலையைப் பிடித்துக்கொள்ளும் கம்பியின் கால் அது!

ஏமாந்து போகாதீர்கள்

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு.

ஒரு கண்ணாடித் தகட்டில் இருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம். எடுத்தவர் ஊரை விட்டுப் போன பிறகும் கடை அதே தகட்டில் படம் போட்டு விற்கும். சாமுவேல் போர்ன் என்ற பெயர் பெற்ற போட்டோகிராபர் 1870-ல் இந்தியாவை விட்டுச் சென்றார். அவருடைய படங்கள் அதன் பிறகும் நெடுங்காலம் விற்பனை ஆயின. எனவே, தாளின் வயது வேறு. காட்சியின் வயது வேறு.

தகட்டைத் திருப்பி வைத்துப் போட்டால் இடது வலதாகி விடும். கடைப் பலகையின் எழுத்து இடம் வலமாக மாறி இருக்கிறதா, சட்டைப் பொத்தான் பக்கம் மாறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் விட, அடியில் எழுதிய வரியைக் கடைசியாக நம்புங்கள். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று கேளுங்கள். ஹூப்பர் படத்துக்கு நேர்ந்த கதி அதுதான்.

உங்கள் வீட்டுப் படம்

வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் தாத்தாவின் படம் சுவரில் தொங்கும். ரெயில்வேயிலோ, துறைமுகத்திலோ, ஆலையிலோ வேலை பார்த்தவராக இருப்பார். வேலை செய்த இடமே தேதி சொல்லி விடும்.

ராயபுரம் ரெயில் நிலையம் 1856 ஜூலை 1-ந் தேதி திறக்கப்பட்டது. அன்று "மெட்ராஸ் ரெயில்வே" என்று கம்பெனிக்குப் பெயர். 1908-ல் அது "எம்.எஸ்.எம். ரெயில்வே" ஆயிற்று. 1951-ல் தெற்கு ரெயில்வே பிறந்தது. தாத்தாவின் பொத்தானிலோ, பின்னால் உள்ள பலகையிலோ எம்.எஸ்.எம். என்று இருந்தால் படம் 1908-க்கும் 1951-க்கும் நடுவில் எடுத்தது.

பலகையில் "தமிழ்நாடு அரசு" என்று இருக்கிறதா? மாநிலத்தின் பெயர் 1969-ல் மாறியது. நகரத்தின் பெயர் ஆங்கிலத்திலும் "சென்னை" என்று ஆனது 1996-ல். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி, 2017-ல் மூடப்பட்டது. அது படத்தில் புகை விட்டுக்கொண்டு இருந்தால், அந்த இரண்டு ஆண்டுகளே முளைகள்.

ஆனால், கட்டிடமும் பலகையும் ஆண்டைத்தான் சொல்லும். பெயரைச் சொல்லாது. அதை வீட்டில் உள்ள பெரியவர்கள்தான் சொல்ல முடியும்.

எனவே, பாட்டி நன்றாக இருக்கும்போதே படத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். "இது யார்? பக்கத்தில் நிற்பது யார்? எந்த ஊர்? யார் கல்யாணம்?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். அட்டையில் இருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், அட்டைதான் சாட்சி! தண்ணீரில் துடைக்க வேண்டாம். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் படத்துக்குப் பகை. காகித உறையில் போட்டு, சமையல் அறைக்குத் தூரத்தில், உலர்ந்த பெட்டியில் வையுங்கள். கைபேசியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

ஹூப்பர் படத்தில் உட்கார்ந்து இருப்பவர்களிடம், "அம்மா, உன் பெயர் என்ன?" என்று கேட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவருக்கு அந்தக் கதி வர வேண்டியது இல்லை. ஒரு பென்சில் போதும்.